எல்லைப்புறச் சிறாரும் மனநலப் பணியும்

பெரியம்மை இந்தியாவினின்றும் ஒழிந்துவிட்டதென 1977-ஆம் ஆண்டிலும், இளம்பிள்ளைவாதம் ஒழிந்துவிட்டதென 2014-ஆம் ஆண்டிலும் சான்றளிக்கப்பெற்றது. இவ்விரு வெற்றிகளையும் ஈட்டித் தந்தோர் நகரங்களிலிருந்த நிபுணர்கள் மட்டுமல்லர். வெயிலிலும் மழையிலும் வீடுதோறும் சென்று குழந்தைகளைத் தேடிய கள ஊழியர்களும் ஆவர். சிறாரின் மனநலத் துறையிலும் அதே வழி பயன் தருமா என்னும் வினாவிற்கு, கடந்த சில பத்தாண்டுகளில் நடைபெற்ற ஆராய்ச்சிகள் பெரும்பாலும் 'ஆம்' என்றே விடை பகர்கின்றன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அம்மை குத்துபவருக்கும் சொட்டு மருந்து இடுபவருக்கும் குழந்தையின் மொழி தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. மனநலப் பணியாளருக்கோ மொழியே கருவி.

இவ்வேறுபாட்டின் பொருளை நன்குணர விரும்புவோர், கேரள மாநிலத்தின் தென்கோடியிலுள்ள நெய்யாற்றின்கரை வட்டாரத்தை நோக்கலாம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பெற்றபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அந்நாளைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு வரையப்பெற்றதேயன்றி, கோட்டின் இருபுறத்து மக்களிடையே கொள்வினை கொடுப்பினை நின்றுவிடவில்லை. பாறசாலை, ஆரியங்கோடு முதலிய ஊர்களை உள்ளிட்ட இப்பகுதியில் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசாங்க அலுவலகங்களோடு தத்தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்துவதற்கு 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வகைசெய்துள்ளது. நிலவரி பற்றி மனுக் கொடுக்கும் பெரியவருக்கு இவ்வாறு சட்டத்தில் ஓர் இடம் உண்டு. உறக்கமின்றி வாடும் பதின்மூன்று வயதுச் சிறுமி எவருக்கும் மனுக் கொடுப்பதில்லை. எவரேனும் கேட்டால்தான் அவள் வாய் திறப்பாள். எம்மொழியில் கேட்பது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சிறாரின் மனநோய் தனியொரு துறையாக உருப்பெற்று அதிக காலம் ஆகவில்லை. சிகாகோ நகரில் வில்லியம் ஹீலி 1909-இல் தொடங்கிய நிலையமே பின்வந்த சிறுவர் வழிகாட்டி நிலையங்களுக்கு முன்மாதிரி ஆயிற்று. இந்தியாவில் அத்தகைய முதல் நிலையம் 1937-இல் பம்பாயில், இன்று டாட்டா சமூக விஞ்ஞான நிறுவனம் எனப் பெயர் வழங்கும் பள்ளியைச் சார்ந்து தோன்றியது. அக்காலத்துக் கருத்துக்கள் சில இன்று முற்றும் கைவிடப்பெற்றன. தன்னுள் ஒடுங்கிய சிறார் பதினொருவரைப் பற்றி லியோ கானர் 1943-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குப் பின்னர், தாயின் அன்பின்மையே 'ஆட்டிசம்' எனும் அந்நிலைக்குக் காரணம் என்று இருபதாண்டுகளுக்கு மேல் பலர் நம்பினர். 1977-இல் இங்கிலாந்தில் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்த சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் பிறவிக் கூறுகளின் பங்கு பெரிதென்று காட்டினர். எனினும் தாயைக் குறைகூறும் வழக்கம் கிராமங்களில் இன்னும் மறையவில்லை. கள ஊழியர் ஒரு வீட்டினுள் நுழைந்தவுடன் தாய்க்குச் சொல்ல வேண்டிய முதற் செய்தி, அவள் மீது பழியில்லை என்பதேயாகும்.

வீட்டு வாயிலிலேயே குழந்தையின் வளர்ச்சியை அளந்தறிய இயலும் என்பதற்குச் சான்று தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. ஆரியங்கோட்டிலிருந்து ஒரே நாளிற் சென்று மீளத்தக்க திருவனந்தபுரத்தில், 1987-இல் தொடங்கப்பெற்ற குழந்தை வளர்ச்சி மையம் ஓர் எளிய அட்டவணையை வகுத்து 1991-இல் வெளியிட்டது. திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை என்றே அதற்குப் பெயர். பிறந்தது முதல் இரண்டு ஆண்டு வரையிலான குழந்தைகளுக்குரிய 17 செயல்கள் அதில் உள்ளன: முகம் பார்த்துச் சிரித்தல், தலை நிற்றல், ஒலி வரும் திசையில் திரும்புதல், ஒரு கையிலிருந்து மறுகைக்குப் பொருளை மாற்றுதல், தனித்து நடத்தல், இரு சொற்கள் பேசுதல் போன்றவை. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பட்டை வரையப்பெற்றுள்ளது. நூற்றுக்கு மூன்று குழந்தைகள் அச்செயலைச் செய்யும் வயதில் தொடங்கி, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு குழந்தைகள் செய்துவிடும் வயதில் அப்பட்டை முடிவுறும். ஊழியர் ஒரு பென்சிலைக் குழந்தையின் வயதுக்கு நேராக நிறுத்திப் பிடிக்கிறார். பென்சிலுக்கு இடப்புறம் முழுவதும் அடங்கிய பட்டைகளில் ஏதேனும் ஒன்றைக் குழந்தை செய்யவில்லையெனில், வளர்ச்சியில் தாமதம் இருக்கலாமென்று ஐயுற்று மேற்பரிசோதனைக்கு அனுப்புகிறார். இதற்கு வேண்டிய சாதனங்கள் ஓர் எழுதுகோலும் ஒரு சாவிக்கொத்துமே. சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிற்காலத்தில் இவ்வட்டவணை ஆறு வயது வரையில் விரிவாக்கப்பெற்றது.

இதன் சிறப்பு அதன் எளிமையில் மட்டுமன்று. நோயின் பெயரை ஊழியர் சொல்ல வேண்டுவதில்லை என்பதே இதன் பெருநன்மை. 'இக்குழந்தை மந்தம்' என்று தீர்ப்புக் கூறும் அதிகாரத்தை அட்டவணை எவருக்கும் அளிப்பதில்லை. 'இன்னொருவர் பார்க்கட்டும்' என்று மட்டும் சொல்கிறது. கள ஊழியர் கையிலுள்ள எந்தக் கருவியும் இந்த எல்லைக்குள் நிற்றலே நலம்.

கண்டறிதலைக் கடந்து, சிகிச்சையிலும் நிபுணரல்லாதார் பங்கு கொள்ளலாமென்பதைக் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 'ஆட்டிசம்' உடைய 65 சிறாரிடையே நடத்தப்பெற்று 2016-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. பயிற்சி பெற்ற ஊழியர் தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படம் பிடித்து, அதைத் தாய்க்கே போட்டுக் காட்டி, பிள்ளையின் குறிப்பை அறிந்து அதற்கேற்ப விடையிறுக்கும் வழிகளை அவரோடு அமர்ந்து ஆராய்வார். தாய் பிள்ளைக்கு இசைந்து விடையிறுப்பது மிகுந்தது. பிள்ளை தானே தொடங்கும் உரையாடலும் மிகுந்தது. அளந்த யாவற்றிலும் முன்னேற்றம் தோன்றியதென்று சொல்வதற்கில்லை. ஆயினும் நிபுணர் இல்லாத ஊரில் ஒன்றும் செய்வதற்கில்லை என்னும் வாதம் அத்துடன் வலுவிழந்தது.

வளரிளம் பருவத்தினரைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் சிக்கலானது. 2015-16-இல் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வின்போது, தேர்ந்தெடுத்த சில மாநிலங்களில் 13 முதல் 17 வயது வரையிலானோரை ஆராய்ந்ததில், நூற்றுக்கு 7.3 பேருக்கு ஏதேனும் ஒரு மனநோய் இருப்பதாகக் கணக்கிடப்பெற்றது. பெருநகரங்களில் இவ்விகிதம் 13.5, கிராமப்புறங்களில் 6.9. கிராமத்து எண் சிறிதென மகிழ்வதற்கு இடமில்லை. நாற்பது மாணவர் கொண்ட ஒவ்வொரு வகுப்பிலும் ஏறத்தாழ மூவர் என்பதே அதன் பொருள். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் மாண்ட மாணவர் தொகை 13,044 என்று தேசியக் குற்றப் பதிவேட்டு அலுவலகம் அறிவித்தது.

இங்கே ஆசிரியர்கள் பெரிதும் அஞ்சும் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்தல் தகும். மாணவனிடம் சாக எண்ணுகிறாயா என்று கேட்பது அவ்வெண்ணத்தை அவன் மனத்தில் விதைத்துவிடும் என்ற அச்சம் எங்கும் பரவியுள்ளது. நியூயார்க் மாநிலப் பள்ளி மாணவர் 2,342 பேரிடையே நடத்தப்பெற்று 2005-இல் வெளிவந்த சோதனையில், அவ்வாறு கேட்கப்பட்ட மாணவரிடம் துயரமோ தற்கொலை எண்ணமோ மிகவில்லை என்று கண்டனர். முன்னரே மனம் சோர்ந்திருந்தவர்க்கு அக்கேள்வி ஆறுதலாகவே இருந்திருக்கலாமென்றும் தோன்றியது. பரிவுடன், தனியிடத்தில், நேராகக் கேட்பதில் தீங்கில்லை.

எனினும், கேட்கும் பொறுப்பு முழுவதையும் ஆசிரியர் தோளிலேயே ஏற்றுவது முறையாகுமா? இவ்வினாவிற்குப் பிகார் மாநிலத்து நாளந்தா மாவட்டம் தந்த விடையை நம் ஆசிரியர்கள் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். அங்குள்ள அரசாங்க உயர்நிலைப் பள்ளிகள் எழுபதுக்கு மேற்பட்டவற்றை மூன்று தொகுதிகளாகப் பிரித்தனர். ஒரு தொகுதியில், பள்ளிச் சூழலைச் செம்மைப்படுத்தும் திட்டத்தை அதற்கெனவே அமர்த்தப்பெற்ற ஆலோசகர் நடத்தினார். அவர் மனநல நிபுணர் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரண மனிதரே. இரண்டாம் தொகுதியில் அதே திட்டத்தைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் பிற பணிகளோடு நடத்தினார். மூன்றாவதில் வழக்கமான பாடத்திட்டம் மட்டும். 2018-இல் வெளிவந்த முடிவுகள் வியப்பளித்தன. ஆலோசகர் பணியாற்றிய பள்ளிகளில் மாணவரிடையே மனச்சோர்வும் கொடுமைப்படுத்தலும் வன்முறையும் குறைந்தன; பள்ளியின்பால் பற்று மிகுந்தது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாறுதல் எதுவும் காணப்படவில்லை.

இதனால் ஆசிரியர் திறமையற்றவர் என்று பொருள் கொள்வோர் பெரிதும் பிழை செய்வர். காலையில் வருகைப் பதிவு, பின்னர் ஐந்தாறு பாட வேளைகள், நண்பகலில் உணவு மேற்பார்வை, மாலையில் கணக்கெடுப்புப் படிவங்கள், இடையிடையே தேர்தல் பணி என்றிருப்பவரிடம் ஓய்ந்திருந்து கேட்கும் காதினை எதிர்பார்ப்பது நியாயமன்று. அன்றியும், மதிப்பெண் இடும் கையின் முன் தன் வீட்டுத் துயரை விரித்துரைக்க எந்த மாணவனும் தயங்குவான். 2020-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம் பள்ளிக்கு இரண்டு ஆசிரியரை நலத்தூதுவராகக் குறித்து, உள்ளநலத்தையும் அவர்கள் கற்பிக்க வேண்டிய பொருள்களுள் ஒன்றாக வைத்துள்ளது. கற்பித்தல் அளவில் அது நல்ல ஏற்பாடே. ஆனால் கற்பித்தல் வேறு. துயரம் கேட்டல் வேறு. தூதுவரை நியமித்துவிட்டதால் ஆலோசகர் வேண்டுவதில்லை என்று எந்த நிர்வாகமேனும் கருதுமாயின், நாளந்தாவின் இரண்டாம் தொகுதிப் பள்ளிகளையே அது மீண்டும் உண்டாக்குகிறது. கேரளத்தில் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் துறையின்கீழ்ப் பல பள்ளிகளில் உளச்சமூக ஆலோசகர்கள் பணிபுரிவது இவ்வகையில் போற்றத்தக்கது.

மருந்துகளைப் பற்றி விரிவாகக் கூற இங்கு இடமில்லை. கடும் மனச்சோர்வுற்ற இளைஞர் 439 பேரை ஆராய்ந்து 2004-இல் அமெரிக்காவில் வெளியான சோதனையில், மருந்தும் உரையாடற் சிகிச்சையும் சேர்ந்தபோதே பலன் மிகுந்திருந்தது என்பதை மட்டும் நினைவிற் கொண்டாற் போதும். பேச்சும் மருந்தும் அல்லாத ஒரு பரிகாரமும் உண்டு. தேர்வில் தவறியவர் ஓராண்டு காத்திராமல் விரைவிலேயே மீண்டும் எழுத உதவும் துணைத்தேர்வு தமிழ்நாட்டிலும், 'ஸே' தேர்வு என்ற பெயரில் கேரளத்திலும் நடைபெறுகிறது. மனநல வைத்தியர் எவரும் கையெழுத்திடாத மருந்துச் சீட்டு என்று அதனைச் சொல்லலாம்.

இனி மொழிக்கு வருவோம். இலண்டனில் ராபர்ட் குட்மன் என்பவர் 1997-இல் வெளியிட்ட 25 வாக்கியங்கள் கொண்ட வினாத்தாள், சிறாரின் வலிமைகளையும் இடர்ப்பாடுகளையும் அறியப் பெற்றோராலும் ஆசிரியராலும் உலகெங்கும் நிரப்பப்படுகிறது. தமிழிலும் மலையாளத்திலும் அது கிடைக்கின்றது. ஆயின் எல்லைப்புறத்தில் எதனைக் கொடுப்பது? பள்ளியில் மலையாளம் பயிலும் பிள்ளை என்று மலையாளத் தாளைக் கொடுத்தால், அதனை நிரப்ப வேண்டிய தாய்க்கு அந்த எழுத்துத் தெரியாதிருக்கலாம். சென்னையில் மொழிபெயர்க்கப்பெற்ற தூய தமிழ்த் தாளைக் கொடுத்தாலோ, அச்சொற்கள் அத்தாயின் அடுப்பங்கரைச் சொற்களாக இரா.

எழுத்தைவிடப் பேச்சில் இடர் மிகுதி. இரு மொழிகளிலும் ஒரே வடிவாய் நின்று பொருளில் வேறுபடும் சொற்களே பெரிதும் ஏமாற்றுவன. மலையாளத்தில் 'விஷமம்' என்றால் வருத்தம். தமிழில் அதுவே குறும்பு. பிள்ளைக்கு விஷமம் அதிகம் என்று மலையாள ஆலோசகர் இரக்கத்தோடு சொல்லும்போது, தமிழ்த் தகப்பனார் தம் மகன் துஷ்டனாகிவிட்டான் என்று கொண்டு வீட்டில் பிரம்பை எடுக்கவும் கூடும். 'சங்கடம்' என்பது அங்கே துக்கம், இங்கே இக்கட்டு. 'பேடி' என்றால் அங்கே வெறும் அச்சம். தமிழிலோ அது கோழையைக் குறித்து வைக்கும் வசைச்சொல். மாறாக, படபடப்பையும் தவிப்பையும் சுட்டும் 'வெப்ராளம்' என்னும் சொல் குமரிப் பகுதித் தமிழிலும் மலையாளத்திலும் ஒருங்கே வழங்குகிறது. அகராதிகள் தரும் 'பதற்றக் கோளாறு' என்னும் தொடரை அறியாத பாட்டியும் 'பிள்ளைக்கு ஒரே வெப்ராளம்' என்று சொல்லிவிடுவாள். எல்லைப்புற ஊழியர் கையேட்டில் இத்தகைய சொற்பட்டியல் ஒன்று இரண்டு பக்கம் இருப்பின், பத்து விரிவுரைகளினும் அது மிகுந்த பயன் தரும்.

சிறார் பலர் மனத்தின் நோவை உடலின் நோவாகவே கூறுவர் என்பதையும் கருத வேண்டும். திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி, தேர்வுக்கு முன் தலைவலி. மேற்கூறிய வினாத்தாளிலும் தலைவலி, வயிற்றுவலி பற்றிய வாக்கியம் ஒன்று உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவ்வலிக்கு மாத்திரை கிடைக்கும். எத்தனை திங்கட்கிழமைகள் என்று எண்ணிப் பார்ப்பவர் வகுப்பாசிரியர் ஒருவரே. அவர் ஆலோசகராக ஆக வேண்டுவதில்லை. எண்ணிக்கையைக் குறித்து வைத்து உரியவரிடம் ஒப்படைத்தாற் போதும்.

படிப்பில் பின்தங்கிய எல்லைப்புறப் பிள்ளைக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. தனித்த கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்ற 21 வகை இயலாமைகளுள் ஒன்று. அதற்குரிய சலுகைகள் தேவையுள்ளவரைச் சேர்தல் வேண்டும். ஆனால் பயிற்றுமொழியில் போதிய பயிற்சியின்மையால் விளையும் தடுமாற்றத்தை அக்குறைபாடாகக் கொள்ளலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பாகுபாட்டிலும் ஒப்புக்கொள்ளப்பெற்ற விதி. வீட்டில் தமிழ் பேசி முதல் வகுப்பில் மலையாள எழுத்தைச் சந்திக்கும் பிள்ளையை, அவன் தமிழில் எவ்வாறு கதை சொல்கிறான் என்று கேட்டறியாமல் குறையுள்ளவன் என்று பதிவு செய்வது அநீதியாகும். உண்மையான குறைபாட்டை 'மொழி தெரியாதவன்' என்று தள்ளிவிடுவதும் அதேயளவு அநீதியே. இரு தவறுகளையும் தவிர்க்க இருமொழியும் அறிந்த ஒருவர் தேவை. வேறு குறுக்கு வழி இல்லை.

சட்டமும் இதனையே கேட்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சிகிச்சைச் சட்டம், அறிந்து அளிக்கும் ஒப்புதல் என்பதற்கு இலக்கணம் கூறுகையில், சிகிச்சையின் நன்மை தீமைகளும் மாற்று வழிகளும் அவருக்கு விளங்கும் மொழியிலும் முறையிலும் எடுத்துரைக்கப்பெற்றிருத்தல் வேண்டும் என்கிறது. சிறாரை மருத்துவமனையில் சேர்க்க நேரின், வயது வந்தோரினின்றும் பிரித்து வைத்தல், உரியவர் ஒருவர் உடன் தங்குதல், மனநல வாரியத்திற்கு 72 மணி நேரத்துள் அறிவித்தல் ஆகியவற்றையும் அது கட்டாயமாக்கியுள்ளது. விளங்காத மொழியில் அச்சிட்ட தாளில் தகப்பனார் இடும் கைரேகை இச்சட்டத்தின்படி ஒப்புதல் ஆகாது.

2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில், மத்திய அரசாங்கம் தமிழையும் மலையாளத்தையும் உள்ளிட்ட பல மொழிகளில் ஆலோசனை வழங்கி வருகிறது. தொலைபேசி மாநில எல்லையைப் பொருட்படுத்துவதில்லை என்பது அதன் பெருங்குணம். ஆனால் தனக்கென ஒரு தொலைபேசி இல்லாத, இருப்பினும் தனித்துப் பேச ஓர் அறை இல்லாத சிறுமிக்கு அந்த எண் தொலைவிலேயே நிற்கும். எண்ணைச் சுவரில் எழுதி வைப்பதோடு, பள்ளியில் அவள் பேசுவதற்கு ஒரு தொலைபேசியும் ஒரு மூடிய கதவும் அளித்தல் வேண்டும்.

ஆரியங்கோடு போன்ற ஊர்களுக்கு வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. பள்ளிகளுக்கு ஆலோசகரைத் தெரிவு செய்கையில் இருமொழிப் பேச்சறிவை விரும்பத்தக்க தகுதியாக அன்றி இன்றியமையாத தகுதியாக விதித்தல். எல்லையின் இருபுறத்து மருத்துவமனைகளும் ஒன்று மற்றொன்றின் குறிப்புக்களை ஏற்றுக்கொள்ளும் வகையில் சிகிச்சைக் குறிப்பின் சுருக்கத்தை இருமொழியிலும் பெற்றோர் கையில் கொடுத்தல். அங்கன்வாடி ஊழியர் பயன்படுத்தும் வளர்ச்சி அட்டவணையின் விளக்கத்தை அவ்வட்டாரத் தமிழில் அச்சிடுதல். முதலாவதற்கு ஓர் அரசாணையும், இரண்டாவதற்கு இரு மாநிலச் சுகாதாரத் துறைகளின் உடன்பாடும் வேண்டும். மூன்றாவதற்கு எவருடைய ஆணையும் தேவையில்லை. வட்டார அலுவலகத்திலுள்ள படியெடுக்கும் இயந்திரமும், சொற்களைச் சரிபார்க்க அவ்வூர்த் தாய்மார் நால்வரும் போதும். மழை விடுமுறைக்குள் முடித்துவிடக்கூடிய வேலை அது.